சுவரை யார் இடிக்கச் சொன்னது?

சமையலறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குள் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டைச் சீர் செய்ய வேண்டும் என்பதில் அம்மா, மகள், மகன், மருமகள் என நான்கு பேருக்கும் சம்மதம். யாரை வைத்துச் செய்வது என்பதில்தான் சண்டை. தம்பி தனக்குத் தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவனைச் சொன்னான். "நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவன் ஒழுங்கா பதில் சொல்லட்டும். அப்புறம்தான் இந்த வீட்டுக்குள்ள கடப்பாரை வரும்" என்றாள் அவனுடைய அக்கா. தம்பியின் மனைவி பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். போன வாரம் கதையில் அந்தக் கதவுச் சத்தத்தோடு நின்றோம்.

இன்று சனிக்கிழமை. காலையிலேயே வருவதாகச் சொன்ன காண்ட்ராக்டர் வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தான்.

அவனுக்கு முன்னால் அவனுடைய சென்ட் வந்தது. பிறகு அவனுடைய கறுப்புக் கண்ணாடி, பிறகு வயிறு, கடைசியாக அவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கைப்பேசியில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான். "இதோ அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அக்கா, வீட்டுக்கு மூத்த பெண்ணான பெரியவள், உட்காரவில்லை. வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்தது குறைவு. வண்டி ஓட்டும் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிப்பது அவளுடைய வேலை. பக்கத்து இருக்கையில் நாளெல்லாம் உட்கார்ந்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்கள் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் இடிப்பதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களை அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்க்கிறவர்கள் ஒரு வகை. அதே கண்ணாடியில் தன் தலைமுடியைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இவன் எந்த வகை என்று கேட்கவே வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே அலமாரிக் கண்ணாடியில் மீசையைச் சரி செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, இவர்தான்" என்றான் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே குழைவான குரல். அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தெரியுது" என்றாள் அவள். பிறகு காண்ட்ராக்டரிடம், "எத்தனை வருஷமா இந்த வேலை பண்றீங்க?"

"சின்ன வயசிலேர்ந்தே மேடம். இது நம்ம ரத்தத்துலயே இருக்கு."

"ரத்தத்துல இருக்கிறது இருக்கட்டும். கடைசியா எந்த வீட்டை முடிச்சுக் கொடுத்தீங்க?"

"நிறைய மேடம். எதைச் சொல்றது, எதை விடறது."

"ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"இப்போ எத்தனை இடத்துல வேலை நடக்குது?"

இது அவனுக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒரு நாலஞ்சு இடம் ஓடிக்கிட்டு இருக்கு மேடம். நிக்க நேரமில்ல."

"இங்க வேலை நடந்தா யார் கூட நின்னு பார்த்துப்பாங்க?"

"நானே நிப்பேன். காலையில ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன்."

"மத்த இடங்கள்ல?"

"அங்கேயும் நான்தான் மேடம்."

"இந்த நிமிஷம் அங்கெல்லாம் யார் நிக்கிறாங்க?"

அவன் சிரித்தான். கேள்வி புரியாதவன் சிரிக்கிற சிரிப்பு அல்ல, புரிந்துவிட்டவன் சிரிக்கிற சிரிப்பு. பெரியவள் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் இந்த இடத்தில் தாளில் ஒரு கோடு விழும். இங்கே தாள் இல்லாததால் உதட்டோரத்தில் விழுந்தது.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் பேச்சை இணைத்துக் கொடுத்தே காலம் போனதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"என்ன வேலை, என்ன சாமான், எந்த ரகம், எப்போ முடியும், எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"எழுத்து எதுக்கு மேடம். நமக்கு வாக்குதான் முக்கியம்."

"வேலை செய்யறவங்க யாராவது ஏணியிலேர்ந்து விழுந்தா? இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"நம்ம ஆளுங்க விழமாட்டாங்க மேடம்."

"சுவரை உடைக்கிறப்போ உள்ள பைப்போ ஒயரோ வேற மாதிரி போயிருந்தா, அந்தக் கூடுதல் வேலைக்கு எங்ககிட்ட கேட்டுட்டுச் செய்வீங்களா, செஞ்சுட்டுக் கேட்பீங்களா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்."

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள், செத்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவதுபோல. தம்பியின் காது மடல் சிவந்தது. அவனைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. சின்ன வயதில் மிட்டாய்க் கடைக்காரன் சில்லறை குறைவாகக் கொடுத்தாலும் எண்ணிப் பார்க்காமல் வருகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படிப்பட்ட காண்ட்ராக்டர்தான் அமைவான்.

"நீங்க வேலை செஞ்சு கொடுத்த வீட்டுக்காரங்க யார்கிட்டயாவது நான் பேசணும்" என்றாள்.

"தாராளமா" என்று ஓர் எண்ணைச் சொன்னான். அவ்வளவு வேகமாகச் சொன்னதே அவளுக்கு உறுத்தியது. அங்கேயே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். பெரியவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் புகழ்மாரி பொழிந்தது. சமையலறையா அது, கண்ணாடி மாதிரி இருக்கிறது. டைல்ஸ் ஒட்டிய விதத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்த தங்கமான மனிதர். காண்ட்ராக்டர் அடக்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியின் முகத்தில் உயிர் வந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று பெரியவள் வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றது அந்தக் குரல். "அவர் பக்கத்துல இருந்தா, மத்தியான மாத்திரை வண்டியில முன்சீட்டுலயே இருக்குன்னு சொல்லிடுங்க. சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. இல்லன்னா ராத்திரி எம் பிராணனை வாங்குவார்."

தம்பி மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான்.

பெரியவள் கைப்பேசியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவளுக்குள் அப்போது பொங்கியதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவனைக் கேவலமானவன் என்று நினைப்பது ஒரு சுகம் என்றால், அவன் கேவலமானவன்தான் என்று நாலு பேர் முன்னால் நிரூபணமாவது அதைவிடப் பெரிய சுகம்.

"வீட்டுக்காரியைத்தான் வீட்டுக்காரங்கன்னு சொன்னீங்களா" என்றாள். "டீயைக் குடிச்சிட்டு நீங்க கிளம்பலாம். மாத்திரை போடற நேரம் வேற."

அவன் டீயைத் தொடவில்லை. எழுந்தான். கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகினான். அவமானப்பட்ட முகம் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சற்றுச் சின்னதாக இருந்தது.

"மேடம், நான் பொய் சொன்னேன். ஒத்துக்கறேன்" என்றான். "ஆனா என்னை வரச் சொன்னது நீங்க இல்ல. நீங்க சொல்லி நான் போகணுமா? சமையலறைக் காரைக்கு நான் வரல. பின்பக்க ரூம் சுவரை இடிக்கத்தான் வந்தேன்."

"எந்தச் சுவரை?"

"பின்பக்க ரூமுக்கும் உங்க வீட்டுக்கும் இருக்கிற கதவை அடைச்சிட்டு, வெளிச்சுவரை இடிச்சுத் தனியா ஒரு வாசல். பக்கத்து ஸ்டோர் ரூம் சுவரை எடுத்து ஒண்ணாக்கி, உள்ளேயே சின்னதா ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். போன வாரமே வந்து அளவெடுத்துட்டுப் போயிட்டேனே."

போன வாரம் அவள் வேலைக்குப் போயிருந்த நேரமாக இருக்கும். காண்ட்ராக்டர் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான்.

பெரியவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். காண்ட்ராக்டரிடம் பேசும்போது இருந்த இளக்காரமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஓ" என்றாள். "காரை விழுந்தது உனக்கு வசதியாப் போச்சு."

"அக்கா, அப்படி இல்ல."

"எப்படி? சமையலறை சமையலறைன்னு சொல்லிட்டு வீட்டை ரெண்டா வெட்டப் பார்த்திருக்கே. தனிக் குடித்தனம் போகணும்னா போ. வெளியில வீடா இல்ல? வாடகை கொடுக்க வக்கில்லன்னு அப்பா கட்டின வீட்டுக்குள்ளயே எங்களுக்கு முதுகைக் காட்டிட்டுக் குடியிருக்கப் போறியா?"

தம்பி சமையலறை வாசலைப் பார்த்தான்.

"பேசு. உன் பொண்டாட்டி சொல்லிக் கொடுத்ததையாவது ஒழுங்கா ஒப்பி. ஒரு பொய்யைக்கூட உருப்படியா சொல்லத் தெரியல. அவனாவது பொண்டாட்டியை வெச்சுப் பொய் சொல்றான். நீ பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றே. உன்னைவிட அவன் மேல்."

அறைக் கதவு திறந்தது. தம்பியின் மனைவி வெளியே வந்தாள். தலையைத் துவட்டிய துண்டு இன்னும் தோளில் கிடந்தது.

"போதும்க்கா" என்றாள். குரல் உயரவில்லை. "இவர் வாயே திறக்க மாட்டார். வாக்குக் கொடுத்திருக்கார். அதனால நீங்க என்ன வேணாலும் பேசலாம்னு இல்ல. எங்களுக்கு இந்த வீட்டுல தனியா எதுவும் வேண்டாம். வேணும்னா உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு இங்க இருப்போமா? என்னிக்கோ போயிருப்போம்."

"அப்போ சுவரை யார் இடிக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் நின்ற இடத்திலிருந்து அவள் அசையவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள், ஏற்கெனவே காய்ந்திருந்த கையை.

"நான்தான் சொன்னேன். சமையலறை வேலைன்னு சொல்லி ஆளைக் கூட்டிட்டு வா, வேலை ஆரம்பிச்சதும் இதையும் சேர்த்துடலாம்னு நான்தான் சொன்னேன். அவனைத் திட்டாதே. அவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான்."

பெரியவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "உனக்கு எதுக்கும்மா தனி வாசல்? ராத்திரி பாத்ரூம் போகவே லைட்டைப் போட்டுட்டு என்னை எழுப்பறே."

அம்மா பின்பக்க அறைக்கு நடந்தாள். பெரியவள் பின்னாலேயே போனாள்.

உடைந்த நாற்காலிகளும் காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்களும் பழைய மெத்தையும் அடைத்துக் கிடந்த அறை அது. யாரோ எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, தரையைக் கூட்டி வைத்திருந்தார்கள். வெளிச்சுவரில் சாக்கட்டியால் ஒரு கதவு வரைந்திருந்தது. வெறும் நாலு கோடுதான். ஆனாலும் அம்மா அதன் முன்னால் போய் நின்றபோது உண்மையிலேயே கதவைத் திறக்கப்போகிறவள் மாதிரி இருந்தது.

"இங்க வந்து தனியா என்ன பண்ணப் போறே?"

"டீ போட்டுக் குடிக்கப் போறேன்."

"அதை அங்க போட்டுக் குடிச்சா என்ன?"

அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "நான் போட்ட டீயை நீ ஒரு வாய் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வைப்பியே, அதைப் பார்த்திருக்கியா நீ? எப்படிப் பார்ப்பே, வைக்கிறவளே நீதானே. ஒண்ணும் சொல்ல மாட்டே. முகத்துல ஒரு மார்க் விழும். நான் துணி மடிச்சா ஒரு மார்க். டிவி சத்தமா வெச்சா ஒரு மார்க். பக்கத்து வீட்டம்மாகிட்ட ரெண்டு வார்த்தை கூடப் பேசிட்டா அதுக்கு ஒரு மார்க். காலையில எழுந்ததிலேர்ந்து படுக்கிற வரைக்கும் நான் வண்டி ஓட்டிக் காட்டிட்டே இருக்கேன். எனக்கு லைசென்ஸே வேண்டாம்டி. நான் இறங்கிக்கறேன்."

"நான் உன்னை என்ன சொன்னேன்? நீ விழுந்துடக் கூடாது, ஏமாந்துடக் கூடாதுன்னுதானே..."

"சொல்லலை. அதான் சொல்றேனே. நீ எதையும் சொல்றதே இல்ல."

அலுவலகத்தில் தோற்றுப்போனவர்கள் சண்டைக்கு வருவதுண்டு. மேலதிகாரியிடம் போவேன் என்பார்கள், அழுவார்கள், கெஞ்சுவார்கள். யாரும் இறங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை. அதற்கு என்ன எழுதுவது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பக்கமாகத் திரும்பினாள்.

"சரி. தனி வாசல் வெச்சுக்கோ. ஆனா அவன் வேண்டாம். அவன் ஒரு ஃபிராடு. நான் நல்ல ஆளா பார்த்துத் தர்றேன்."

"ஃபிராடுதான். பொண்டாட்டி பேசினப்போ எனக்கே சிரிப்பு வந்துச்சு" என்றாள் அம்மா. "நீ கேட்டது எல்லாமே சரியான கேள்வி. நான் ஒண்ணுமே கேட்கல, கேட்கத் தெரியல. ஆனா அன்னிக்கு அளவெடுக்க வந்தப்போ அவன் என்னை ஒரு கேள்வி கேட்டான். 'ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கட்டும்மா, உங்களுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் பிடிக்கும்'னு கேட்டான். உங்க அப்பா இந்த வீட்டைக் கட்டினப்போ என்னை அப்படிக் கேட்கல. நீங்க யாரும் கேட்கல. நான் சட்டுனு பதில்கூட சொல்லத் தெரியாம நின்னேன்."

அதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்பான், அது அவனுடைய வியாபாரப் பேச்சு என்று சொல்லப் பெரியவளுக்கு நாக்கு வரை வந்தது. உண்மையும் அதுதான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிட்டாள்.

அவள் முழுங்கினாள் என்பதற்காக மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். தம்பியும் அவன் மனைவியும் கூடத்தில் ஒரே சோபாவில், ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டும் வாயைத் திறக்காமல் நின்றவனிடம் என்ன சொல்வது? அப்படி ஒரு சொல்லை அவள் வைத்திருக்கவில்லை. "டீ ஆறிப்போச்சு, எடுத்து வை" என்றாள்.

காண்ட்ராக்டர் இன்னும் கிளம்பவில்லை. தெருவோரம் வண்டியில் சாய்ந்தபடி நின்று, அதே அஞ்சு நிமிஷத்தை வேறு யாருக்கோ கைப்பேசியில் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் அவள். "அந்த ஸ்டோர் ரூம் சுவரை எடுக்கணும்னு சொன்னீங்களே. மாடியோட பாரம் அந்தச் சுவர் மேல நிக்குதா, இல்லையா? பார்த்துக்கலாம்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. உள்ள படுக்கப் போறது எங்க அம்மா."

அவன் தலையைச் சொறிந்தான். உள்ளே போய் ஏதாவது பெரிய பேச்சை எடுத்து வரலாமா என்று யோசிப்பதுபோல வீட்டைப் பார்த்தான். பிறகு, "தெரியல மேடம்" என்றான்.

வந்ததிலிருந்து அவன் சொன்னதில் அது ஒன்றுதான் பதில். பெரியவளுக்கு அவன் மேல் மரியாதை வந்துவிடவில்லை. ஆனால் திட்டுவதற்காக மூச்சை இழுத்தவள் அதை வெறுமனே விட்டாள்.

"அப்போ கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவர் சொல்ற வரைக்கும் அந்தச் சுவர்ல ஆணிகூட அடிக்கக் கூடாது."

"சரி மேடம். அந்த ஐயாவும் இதையேதான் சொன்னார்."

"எந்த ஐயா?"

"அன்னிக்கு அளவெடுக்கிறப்போ அம்மாகூட இருந்தாரே, அவர்தான். நல்லா விவரமான மனுஷன். டேப்போட அந்த முனையை அவர்தான் பிடிச்சார்." காண்ட்ராக்டர் தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினான். "இவ்வளவு உயரம். அவருக்குத் தலை இடிக்காத மாதிரி கதவை ஏத்தி வைக்கணும்னு அம்மா ரெண்டு தடவை சொன்னாங்க."

அவன் சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே புரிந்திருக்க வேண்டும். "அப்போ திங்கட்கிழமை பார்க்கலாம் மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டான்.

அந்த வீட்டில் அவ்வளவு உயரமான ஆள் கிடையாது. தம்பி குள்ளம். அப்பாவும் குள்ளம்தான். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது.

பெரியவள் மறுபடியும் பின்பக்க அறைக்கு வந்தாள். அம்மா கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். சாக்கட்டிக் கதவின் மேல்கோடு வழக்கமான கதவைவிட ஒரு சாண் உயரத்தில் இருப்பது பெரியவளுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது.

"அம்மா, யார் அவர்?"

அம்மாவின் கை தலைப்பிலேயே நின்றது. யார், எவர் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. மறைக்கவும் முயலவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்த பெரியவள் அங்கே அலுப்பை மட்டும்தான் கண்டாள்.

"சொல்றேன்" என்றாள் அம்மா. காலால் இன்னொரு டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். "முதல்ல உட்காரு. நின்னுக்கிட்டுக் கேட்டா சொல்ல மாட்டேன். அப்புறம் அந்த மூஞ்சியைக் கொஞ்சம் மாத்திக்கோ."

பெரியவள் உட்கார்ந்தாள். முகத்தை மாற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதை எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.